ஆர்-12 கான்டெசாவ 134ஏ-வுக்கு மாத்துனது: கேஸ் ஏத்துறதுக்கு முன்னாடி செஞ்ச வேலைங்க

பழைய வண்டியில கூலிங் வரலன்னா நம்ம பக்கம் எல்லாரும் சொல்ற ஒரே வைத்தியம் "கேஸ் ஏத்திடுங்க, சரியாயிடும்". 90-கள்ல ஏசி போட்ட வண்டிக்கு அது பொருந்தாது. அந்த வண்டிங்கள்ல ஏசி கேஸா இருந்தது ஆர்-12, இப்ப கடையில கெடைக்கிறது 134ஏ, ரெண்டும் ஒரே டெம்பரேச்சர்ல கிட்டத்தட்ட ஒரே பிரஷர்தான் காட்டும், அதனால மேலயே ஏத்துனா ஏறிக்கும், கொஞ்ச நாளைக்கு ஜில்லுன்னு காத்தும் வரும், அதப் பாத்துட்டு வேலை முடிஞ்சுடுச்சுன்னு நெனச்சுடுறாங்க. உள்ள இருக்குற ஆயில், ஓ-ரிங், ஈரம் உறிஞ்சுற டிரையர், ஓஸ் எல்லாம் பழைய கேஸுக்குன்னு செஞ்சதுங்க, அதுங்க அப்படியே இருக்கும்போது கேஸ மட்டும் மாத்துனா கம்ப்ரசர்தான் போவும். இந்த வருஷம் கத்திரி வெயிலுக்கு முன்னாடி எங்க கான்டெசாவுல இந்த வேலைய முழுசா செஞ்சு முடிச்சோம். இதுல கேஸ் ஏத்துனது கடைசி அரை மணி நேர வேலை, மத்ததெல்லாம் சுத்தம் பண்றது, காய வைக்கிறது, ஒழுக்கு அடைக்கிறது. அந்த மத்த வேலையத்தான் இங்க விரிவா எழுதுறேன்.

வண்டி கான்டெசா கிளாசிக், 1.8 இசுசு பெட்ரோல் இன்ஜின், அப்பா ஆசையா வாங்குனது, இப்ப மன்னார்குடியில எங்கிட்ட இருக்கு. ஏசி கம்பெனியில வந்தது இல்ல, வெளிக் கடையில போட்டது, கம்ப்ரசர் சாண்டன் 508. இந்த கம்ப்ரசர் அந்தக் காலத்துல அம்பாசிடர்லேர்ந்து டிராவல்ஸ் வேன் வரைக்கும் வெளியில ஏசி மாட்டுன வண்டியில நெறைய பாக்கலாம், 5 பிஸ்டன், 138 சிசி, அடிச்சாலும் தாங்குற சாமான். அதனாலதான் கம்ப்ரசர மாத்தாம வச்சுக்கிட்டே செய்யலாம்னு முடிவு பண்ணோம். வேலை பாத்தது தஞ்சாவூர்ல ஒரு ஏசி மெக்கானிக் அண்ணன், ஆர்-12 காலத்துலேர்ந்தே இதே தொழில்ல இருக்குறவரு. நான் கூடவே நின்னு கழட்டுறது மாட்டுறதெல்லாம் செஞ்சேன், கேஜ் பக்கம் அவரு கைதான்.

மொதல்ல கேஜ் மாட்டி இன்ஜின் ஆஃப்ல பிரஷர் பாத்தோம். காலையில நெழல்ல 30 டிகிரி இருக்கும், உள்ள கொஞ்சமாச்சும் லிக்விடா கேஸ் இருந்தா 90 பிஎஸ்ஐ-க்கு மேல காட்டணும், ஆர்-12-னா 93 ஒட்டி, 134ஏ-ன்னா 97 ஒட்டி. எங்களுக்கு 40 தான் காட்டுச்சு. அப்படின்னா லிக்விடே இல்ல, மிச்சம் இருக்குறது ஆவி மட்டும். பலரும் இந்த இன்ஜின் ஆஃப் ரீடிங்கப் பாக்குறதே இல்ல, வண்டிய ஸ்டார்ட் பண்ணி லோ சைட (கம்ப்ரசருக்குக் கேஸ் திரும்பி வர்ற பக்கம்) மட்டும் பாத்துட்டு முடிவு பண்ணிடுறாங்க. ஒண்ணு தெரிஞ்சுக்குங்க, லிக்விட் இருக்குற வரைக்கும் பாதி கேஸ் போயிருந்தாலும் இந்த ரீடிங் மாறாது, அதனால அளவு சரியா இருக்கான்னு இதை வச்சு சொல்ல முடியாது, சுத்தமா காலியான்னு மட்டும்தான் சொல்ல முடியும்.

இருந்த கேஸ காத்துல விடல, அண்ணன்கிட்ட ரெக்கவரி மெஷின் இருக்கு, தனி சிலிண்டர்ல இழுத்தாரு. ஆர்-12 ஓசோன அரிக்கிற கேஸ், அதுக்காகத்தான் 1987-ல மான்ட்ரியல்ல உலக நாடுங்க எல்லாம் ஒப்பந்தம் போட்டது, இந்தியா 1992-ல சேந்துச்சு, 2008-ல இங்க தயாரிப்பே நின்னுடுச்சு. ஒரு காலத்துல நம்ம மேட்டூர்லயே இந்த கேஸ் தயாராச்சு, மெட்ரான்னு பேரு போட்ட சிலிண்டர்ல வரும், அண்ணன் தொழில் பழகுனதே அந்த சிலிண்டர வச்சுத்தான். நமக்குத் தண்ணி வர்ற அதே ஊர்லேர்ந்துதான் இந்த கேஸும் வந்திருக்கு, கேட்டப்ப எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு.

அடுத்தது கம்ப்ரசரக் கழட்டி ஆயில் வடிச்சது. 508-ல ஒரு வசதி, பாடியிலயே ஆயில் பிளக் இருக்கு. பிரஷர் சுத்தமா எறங்குனப்பறம் பிளக்க மெதுவா திருகி, கம்ப்ரசர கவுத்துப் பிடிச்சு, முன்னாடி கிளட்ச் (கம்ப்ரசர பெல்ட்டோட சேக்குறது, விடுறது) ஹப்ப கையால சுத்திக்கிட்டே இருந்தா உள்ள இருக்குறது வந்துடும். அளவு போட்ட டம்ளர்ல புடிச்சோம். வந்தது ரொம்பக் கொஞ்சம், இருக்க வேண்டியதுல பாதி கூட தேறல. நெறம் கருப்பா இருந்தாலும் விரல்ல தேச்சு வெயில்ல காட்டிப் பாத்தப்ப அலுமினியப் பொடி மினுமினுப்பு எதுவும் இல்ல. அது இருந்திருந்தா கதை வேற, கம்ப்ரசர் உள்ள தேஞ்சு அந்தப் பொடி சிஸ்டம் பூரா போயிருக்கும், அப்புறம் பழைய கம்ப்ரசர நம்பி செலவு பண்றது வீண்.

மிச்ச ஆயில் எங்க போச்சுன்னு கூலிங் காயில ஃபிளஷ் பண்ணப்பதான் தெரிஞ்சுச்சு. டேஷ்போர்டு அடியிலேர்ந்து காயில வெளிய எடுத்து, காயிலுக்குள்ள கேஸ அளவா விடுற எக்ஸ்பேன்ஷன் வால்வக் கழட்டிட்டு, ஃபிளஷ் லிக்விட ஊத்தி நைட்ரஜன் வச்சுத் தள்ளுனா, அடுத்த பக்கத்துலேர்ந்து கெட்டியா பழுப்பு நெறத்துல எண்ணெய் கொழகொழன்னு வந்து விழுது, நிக்கவே இல்ல, கீழ விரிச்ச வெள்ளைத் துணி முழுக்க ஊறிப்போச்சு. "இஞ்ச பாருங்க தம்பி, கம்ப்ரசருக்குப் போவ வேண்டிய எண்ணெய் பூரா காயில்ல வந்து குந்திக்கிட்டு இருக்கு"ன்னாரு அண்ணன். காரணம் என்னன்னா, கொஞ்ச வருஷத்துக்கு முன்னாடி வெளியூர்ல ஒரு கடையில, ஆர்-12 சிஸ்டம்லயே எதையும் மாத்தாம 134ஏ-வ ஏத்திக் குடுத்திருக்காங்க. ஆர்-12 கூட ஓடுறது மினரல் ஆயில், அது ஆர்-12-ல நல்லா கரைஞ்சு கேஸோடயே சுத்தி வந்து கம்ப்ரசருக்குத் திரும்பிடும். 134ஏ-ல அந்த ஆயில் கரையாது. கேஸ் மட்டும் போவும் வரும், ஆயில் குளிர்ந்த எடத்துல தங்கிடும், கம்ப்ரசர் வறண்டு ஓடும். மேல மேல கேஸ் ஏத்துனா என்ன ஆவும்னு கேக்குறவங்களுக்கு அந்த வெள்ளைத் துணியத்தான் காட்டணும்.

புது ஆயில் எதுன்னு ஒரு பேச்சு வந்துச்சு. 134ஏ-வுக்குன்னே செஞ்ச வண்டியில போடுறது பேக் (PAG) ஆயில். அது ஈரத்த ரொம்ப உறிஞ்சும், அதோட பழைய ஆர்-12 விட்டுட்டுப் போன குளோரின் சமாச்சாரம் உள்ள ஒட்டியிருந்தா அதோட ஒத்துப்போகாது. மாத்துற வண்டிக்கு எஸ்டர் ஆயில்தான் நல்லது, மினரல் ஆயில் கொஞ்சம் மிச்சம் மீதி இருந்தாலும் பொறுத்துக்கும். நாங்க எஸ்டர்தான் போட்டோம், கம்ப்ரசருக்கு உண்டான அளவு, புது கன்டென்சருக்குன்னு மேல ஒரு 30 மில்லி. எஸ்டரும் ஈரம் குடிக்கிறதுதான், டின்ன ஒடச்சா உடனே ஊத்தி மூடிடணும், பாதி டின்ன மூடி வச்சு அடுத்த வண்டிக்கு ஊத்துறதெல்லாம் வேண்டாம்.

பெட்ரோல், தின்னர் வச்சு ஃபிளஷ் பண்றவங்க இருக்காங்க, அது வேண்டவே வேண்டாம். உள்ள தங்கி ரப்பர அரிக்கும், பத்திக்கிற பயமும் இருக்கு.

இப்ப கன்டென்சர், அதாவது ரேடியேட்டருக்கு முன்னாடி நின்னு கேஸோட சூட்ட வெளியேத்துறது. நம்ம டெல்டாவுல ஓடுற வண்டிக்கு இதுதான் முக்கியமான எடம்னு நான் நெனைக்கிறேன். தை மாசி அறுப்பு சமயத்துல ரோடு பூரா நெல்லு காயும், வைக்கோல் கெடக்கும், அறுப்பு மெஷின் பறக்க விடுற தூசி வேற, அது அத்தனையும் கிரில் வழியா உள்ள போயி கன்டென்சர் ஃபின்னுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல அடைஞ்சுக்கும். முன்னாடிலேர்ந்து பாத்தா ஓரளவு சுத்தமாத்தான் தெரியும். கழட்டித் திருப்பிப் பாத்தா பின்பக்கம் பதரும் தூசும் சேந்து கம்பளி மாதிரி ஒரு படலம், விரலால உரிச்சா ஒரே துண்டா வருது, அதுல முழு நெல்லுமணி கூட சிக்கியிருந்துச்சு. காத்து எங்கேருந்து போவும்? நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருக்குறவங்களுக்கு இதோட உப்புக்காத்தும் சேந்துக்கும், ஃபின்னைத் தொட்டாலே மாவா உதிரும்.

பழைய கன்டென்சர சுத்தம் பண்ணி மறுபடி மாட்டலாமான்னு யோசிச்சோம், அண்ணன் வேண்டாம்னுட்டாரு, அவரு சொன்னது சரி. பழசு உருண்டைக் குழாய் வளைஞ்சு வளைஞ்சு போற மாடல், ஆர்-12-க்கு அது போதும். வெளி வெயில்லயும் இன்ஜின் சூட்டுலயும் கன்டென்சர்ல கேஸ் 65 டிகிரி வரைக்கும் போச்சுன்னா ஆர்-12 சுமார் 230 பிஎஸ்ஐ-ல இருக்கும், 134ஏ அதே சூட்டுல 260 ஒட்டிப் போயிடும். சூடு ஏற ஏற இந்த வித்தியாசம் கூடிக்கிட்டே போவும். அதனால 134ஏ-வுக்கு சூட்ட நல்லா வெளியேத்துற கன்டென்சர் வேணும், அதுக்குத்தான் தட்டைக் குழாய்ங்கள பக்கம் பக்கமா அடுக்கி வச்ச பேரலல் ஃபுளோ மாடல். கான்டெசா மூஞ்சி அகலமானது, ஓரளவு பெரிய சைஸே ஒக்காந்துச்சு, பிராக்கெட் மட்டும் பட்டறையில அடிச்சு வாங்குனோம். சுத்தி இருந்த சந்துலயெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டி அடைச்சோம், இல்லன்னா வண்டி நிக்கும்போது இன்ஜின் சூட்டுக் காத்தே சுத்தி முன்னாடி வந்து மறுபடி உள்ள போவும். முன்னாடி ஒரு எக்ஸ்ட்ரா ஃபேன், தனி ரிலே வச்சு, கம்ப்ரசர் கிளட்ச் புடிக்கும்போதே ஓடுற மாதிரி. இந்த மொத்த வேலையில எதுக்காவது காசு தாராளமா செலவு பண்ணலாம்னா அது இந்த கன்டென்சருக்கும் ஃபேனுக்கும்தான்.

டிரையர் புதுசு, இதுல பேரமே கெடையாது. உள்ள இருக்குற ஈரம் உறிஞ்சுற மணிங்க ஆர்-12-க்கு வேற ரகம், 134ஏ-வுக்கும் எஸ்டருக்கும் வேற ரகம். மூடியக் கழட்டுன நிமிஷத்துலேர்ந்து அது காத்துல இருக்குற ஈரத்த இழுக்க ஆரம்பிச்சுடும், நம்ம ஊரு காத்துல கேக்கவே வேண்டாம், அதனால எல்லாம் மாட்டி முடிச்சுட்டு கடைசியா டிரையர மாட்டி உடனே வேக்கம் போடணும், அதாவது பம்ப்பு வச்சு உள்ள இருக்குற காத்த இழுக்கணும். டிரையர் பக்கத்துலயே பிரஷர் சுவிட்ச் ஒண்ணு வச்சோம், பழைய சிஸ்டம்ல அது இல்ல. ஹை சைடு (கம்ப்ரசர்லேர்ந்து கேஸ் வெளிய போற பக்கம்) 400 பிஎஸ்ஐ ஒட்டிப் போனா கிளட்ச்ச விட்டுடும், கேஸ் ரொம்பக் கொறஞ்சாலும் விட்டுடும். ஃபேன் ஒரு நாள் ஓடாமப் போனா கம்ப்ரசரையும் ஓஸையும் காப்பாத்துறது இந்தச் சின்ன சுவிட்சுதான்.

ஓஸ் எல்லாம் பேரியர் ஓஸ் (உள்ள கேஸ் கசியாம தடுக்குற படலம் வச்சது) வச்சு புதுசா கிரிம்ப் பண்ணோம், பழைய முனைங்களையே வச்சுக்கிட்டு. பழைய ரப்பர் ஓஸ் வெளிய பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா 134ஏ மூலக்கூறு ஆர்-12-ஐ விட சின்னது, ரப்பர் வழியாவே கொஞ்சம் கொஞ்சமா கசியும். ஓ-ரிங் அத்தனையும் பச்சைக் கலர் எச்என்பிஆர் ரப்பர், மாட்டுறதுக்கு முன்னாடி புது ஆயில்ல முக்கி எடுத்தது. கிளட்ச்சுக்குப் பின்னாடி எண்ணெய் தெறிச்ச கறை வட்டமா இருந்துச்சு, ஷாஃப்ட் சீல் ஒழுகுதுன்னு அர்த்தம், அதையும் மாத்துனோம். சார்ஜிங் போர்ட்டுக்கு மரைத் திருகுல ஒக்காருற அடாப்டர், லோ சைடு 13, ஹை சைடு 16 மில்லிமீட்டர், உள்ள இருக்குற ஊசி வால்வும் புதுசு. அடாப்டர் போடுறதுல இன்னொரு நன்மை, இனிமே யாரும் தெரியாம பழைய கேஸ ஏத்த முடியாது, ஓஸே சேராது.

எல்லாத்தையும் மாட்டுனப்பறம் நைட்ரஜன். ரெகுலேட்டர் வச்சு மொதல்ல 150, அப்புறம் 200 பிஎஸ்ஐ. ஒவ்வொரு ஜாயின்ட்லயும் சோப்பு நுரை தடவி டார்ச் அடிச்சுப் பாத்தோம். கூலிங் காயிலுக்குப் போற நட்டு ஒண்ணுல நுரை ரொம்ப மெதுவா, கடுகு சைஸுக்கு, ஒண்ணு ஒண்ணா வந்துக்கிட்டு இருந்துச்சு. அவசரமா பாத்தா கண்ணுக்கே தெரியாது. அந்த ஃபிளேர (பைப்போட விரிச்ச முனை) திரும்ப அடிச்சு மாட்டுனதும் நின்னுடுச்சு. நைட்ரஜனுக்குப் பதிலா ஆக்சிஜன் சிலிண்டர வெல்டிங் கடையிலேர்ந்து தூக்கிட்டு வர்றது உசுருக்கே ஆபத்து, உள்ள இருக்குற ஆயிலோட சேந்து வெடிக்கும். காத்து கம்ப்ரசரும் கூடாது, அதுல ஈரம் இருக்கு.

வேக்கம் போட்டது நல்ல மத்தியான வெயில்ல, பானெட்ட தொறந்து வெயில் படுற மாதிரி வண்டிய நிறுத்தி. இத அண்ணன் வேணும்னேதான் செஞ்சாரு. வேக்கம் போடுறது காத்த எடுக்க மட்டும் இல்ல, உள்ள ஒட்டியிருக்குற ஈரத்த கொதிக்க வச்சு ஆவியா இழுக்கத்தான். 30 டிகிரியில தண்ணி கொதிக்கணும்னா வேக்கம் கேஜ் 28.7 இன்ச் பாதரச அளவத் தாண்டணும், வண்டி சூடா இருந்தா அந்த வேலை சுலபம், குளிர்ந்து கெடந்தா பம்ப்பு எவ்வளவு நேரம் ஓடுனாலும் ஈரம் அசையாது. அதனாலதான் ஐப்பசி கார்த்திகை அடைமழையில இந்த வேலைய வச்சுக்க வேண்டாம்னு சொல்றாரு. டூ ஸ்டேஜ் பம்ப்பு, ஒரு மணி நேரத்துக்கு மேலயே ஓடுச்சு, 29-அத் தாண்டி நின்னுச்சு. வால்வ மூடிட்டு டீ குடிச்சுட்டு வந்து பாத்தோம், முள்ளு அப்படியே இருந்துச்சு. சில கடையில பத்து நிமிஷம் வேக்கம் போட்டுட்டு கேஸ ஏத்திடுறாங்க. அந்த ஈரம் எக்ஸ்பேன்ஷன் வால்வுல ஐஸா நிக்கும், ஓடிக்கிட்டே இருக்கும்போது கூலிங் நின்னுடும், கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணி வச்சா திரும்ப வரும், என்ன கோளாறுன்னு யாருக்கும் புரியாது.

கேஸ் அளவு. ஏசி மாட்டுன காலத்து ரசீது அப்பா பத்திரமா வச்சிருந்தாரு, அதுல ஆர்-12 ஒரு கிலோன்னு எழுதியிருக்கு. 134ஏ அதுல 80லேர்ந்து 85 சதவீதம் போதும், அப்படின்னா 800லேர்ந்து 850 கிராம். 450 கிராம் டின்னு ரெண்டு, தராசு மேல வச்சு ஏத்துனோம். மொதல்ல இன்ஜின் ஆஃப்ல, வேக்கமே இழுத்துக்கிற வரைக்கும் ஹை சைடு வழியா. அதுக்கப்பறம் ஹை சைடு வால்வ இறுக்கி மூடிட்டு, இன்ஜின ஸ்டார்ட் பண்ணி, லோ சைடு வழியா, டின்ன நேரா நிமித்தி வச்சு ஆவியா மட்டும். இன்ஜின் ஓடும்போது ஹை சைடு வால்வத் தொறந்தா அந்த பிரஷர் டின்னுக்குள்ள போயி டின்னே வெடிச்சுடும், டின்ன கவுத்தா லோ சைடுல லிக்விட் போயி கம்ப்ரசர் வால்வ ஒடைச்சுடும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், 134ஏ மைனஸ் 26 டிகிரியிலயே கொதிக்கிறது, கண்ணுல தெறிச்சா அவ்வளவுதான்.

820 கிராம்ல நிறுத்துனோம். சைட் கிளாஸ்ல (கேஸ் ஓடுறதப் பாக்குற சின்னக் கண்ணாடி) அப்பவும் லேசா நுரை ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு, ஆர்-12 பழக்கத்துல இருக்குறவங்க அந்த நுரை மறையுற வரைக்கும் ஏத்துவாங்க. 134ஏ-ல அப்படிப் பாக்கக் கூடாது, நுரை போற வரைக்கும் ஏத்துனா அளவு மிஞ்சி ஹை சைடு எகிறிடும். தராசு சொல்றதத்தான் கேக்கணும்.

வெளிய 36 டிகிரி, இன்ஜின் 1500 ஆர்பிஎம், லோ சைடு 32, ஹை சைடு 230. வெளி டெம்பரேச்சர ஃபாரன்ஹீட்ல வச்சு 2.2லேர்ந்து 2.5 வரை பெருக்குனா வர்றதுதான் ஹை சைடு இருக்க வேண்டிய எடம், 97-அப் பெருக்குனா 213லேர்ந்து 243, சரியா நடுவுல இருக்கு. ரிட்டர்ன் பைப்ப தொட்டா ஜில்லுன்னு வேர்த்து சொட்டுது, டேஷ்போர்டுல ஏசி காத்து வர்ற கிரில்ல வச்ச தெர்மாமீட்டர் 8 டிகிரி.

நெஜமான சோதனை ஊருக்குத் திரும்பும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட்டுல. மத்தியான வெயில், கேட்டு போட்டாச்சு, முன்னாடி பஸ்ஸு பின்னாடி லாரி, காத்து அசையல. ஐடில்ல நின்னப்ப தெர்மாமீட்டர் மெதுவா ஏறி 13-ல நின்னுடுச்சு, அதுக்கு மேல போகல, கிளட்ச்சும் விடல. கேட்டு தொறந்து வண்டி நகந்ததும் மறுபடி 9, 8. அப்பா பின் சீட்டுல துண்டப் போத்திக்கிட்டாரு. ஆர்-12 புதுசா இருந்த காலத்துல நிக்கும்போது இத விட ஜில்லுன்னு இருந்துச்சுன்னு அவரு சொல்றாரு, அது உண்மைதான், ஐடில்ல அந்த கேஸுக்கு ஈடு இல்ல. ஓட்டத்துல எனக்கு வித்தியாசம் தெரியல.

சமையல் சிலிண்டர் கேஸ ஏத்துனா கூலிங் சூப்பரா இருக்கும், செலவும் கம்மின்னு ரெண்டு மூணு பேரு என்கிட்ட சொன்னாங்க. கூலிங் வரும்தான். ஆனா கூலிங் காயில் இருக்குறது நம்ம ஒக்காந்திருக்குற எடத்துல, ஒழுகுனா அந்த கேஸ் மூடுன கண்ணாடிக்குள்ள நெறையும், ஒரு ரிலே பொறி போதும். பிள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போற வண்டியில தயவுசெஞ்சு செய்யாதீங்க. 134ஏ-வும் அப்படி ஒண்ணும் சாது கெடையாது, ஓசோனத் தொடாது, ஆனா பூமிய சூடாக்குறதுல கார்பன் டை ஆக்சைட விட 1400 மடங்குக்கு மேல, அதனாலதான் 2016 கிகாலி ஒப்பந்தத்துல அதையும் கொறைக்கணும்னு வந்து இந்தியாவும் 2021-ல ஏத்துக்கிச்சு. வருஷா வருஷம் ஒழுகவிட்டு ஏத்துறத விட ஒரு தடவை ஒழுக்க அடைச்சுடுங்க.

பானெட் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியாச்சு: 134ஏ, 820 கிராம், எஸ்டர் ஆயில், மாத்துன தேதி. அடுத்து யாரு தொட்டாலும் அதப் பாத்துட்டுத்தான் தொடணும். மழைக்காலத்துல ஏசி தேவைப்படலன்னாலும் வாரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் ஓட விடணும், அப்பதான் ஷாஃப்ட் சீல் ஆயில்ல நனைஞ்சு இருக்கும், காஞ்சா ஒழுகும். அறுப்பு முடிஞ்சதும் கிரில்லக் கழட்டி இன்ஜின் பக்கத்துலேர்ந்து வெளிப்பக்கமா சாதாரண ஓஸ் பைப்புல தண்ணி விட்டு பதர வெளியேத்தணும், வாட்டர் சர்வீஸ் பிரஷர் கன்னக் காட்டக்கூடாது, பேரலல் ஃபுளோ ஃபின் மடங்கிப் போயிடும்.